டயர் வெடிப்பது "நம்ம நேரம்" இல்லைங்க

1.
போன வருஷம் ஒரு அமாவாசை ராத்திரி. விடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. கேஷுவாலிட்டியில் நான் டூட்டி. மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பத்தை 108-ல் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐந்து பேர் உட்காரும் சின்ன காரில் ஏழு பேர். பின்பக்க இடது டயர் வெடித்து, கார் சுழன்று மீடியனில் மோதி நின்றிருக்கிறது. பாட்டிக்குத் தொடை எலும்பு முறிவு. பத்து வயசுப் பையனுக்கு நெற்றியில் ஏழு தையல். வண்டி ஓட்டிய மகனுக்குக் கீறல்கூட இல்லை. (யாரென்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் எழுதணும், என்ன நடந்ததுன்னு கேட்டேன். "டயர் வெடிச்சிடுச்சு சார். நம்ம நேரம்" என்றார்.

அந்த "நம்ம நேரம்" பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படிங்க.

2.
"டாக்டருக்கு டயர் பத்தி என்ன தெரியும்?" நியாயமான கேள்வி. எம்பிபிஎஸ்-ல் டயருக்குப் பாடம் கிடையாது. ஆனால் டயர் சரியில்லாததன் பலன் எங்க டேபிளுக்குத்தான் வருது.

2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம்ம பக்கத்து வீடான தமிழ்நாட்டுக்கு. திருக்கனூரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். அதனால் அது நம்ம கணக்கும்தான்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சின்ன கார் என்பது ஆடம்பரம் இல்லை. ராத்திரி பிரசவ வலி வந்தால் அதுதான் ஆம்புலன்ஸ். ஜிப்மர் போக அதுதான் வண்டி. கல்யாணம், கருமாதி, கோயில் எல்லாத்துக்கும் அதே வண்டி. அதன் நாலு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய உங்க உள்ளங்கை அளவு. மொத்தக் குடும்பமும் அந்த நாலு உள்ளங்கை மேலதான் போகுது.

3.
"நம்ம நேரம்" என்ற வாதம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. தெரியுமா?

2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பை போன ஒரு காரின் பின் டயர் வெடித்து, கார் பள்ளத்தில் விழுந்தது. 38 வயதுக்காரர் ஒருவர் இறந்துபோனார். நஷ்ட ஈடு வழங்க வேண்டிய இன்சூரன்ஸ் நிறுவனம், "டயர் வெடிப்பது கடவுள் செயல், நாங்க பொறுப்பில்லை" என்று வாதிட்டது. 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனிதக் கை எதுவும் இல்லாமல், இயற்கையால் எதிர்பாராமல் நடப்பதுதான் கடவுள் செயல். டயர் வெடிப்புக்கு அதிக வேகம், காற்று குறைவு, காற்று அதிகம், பழைய டயர், வெப்பம் என்று காரணங்கள் உண்டு, கிளம்பும் முன் டயரைப் பார்ப்பது ஓட்டுநரின் கடமை என்று சொல்லிவிட்டது.

என் கருத்தும் அதுதான். டயர் வெடிப்பில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரியக்கூடியவை. தெரிந்துகொள்ள யாரும் குனிந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

4.
நானும் யோக்கியன் இல்லை. நாலு வருஷம் முன்னாடி சொந்தக்காரர் ஒருவரிடம் பழைய ஸ்விஃப்ட் வாங்கினேன். கிலோமீட்டர் கம்மி, டயரில் பட்டன் நல்லா ஆழமா இருந்தது. "டயரு புதுசு மாதிரி இருக்கே"ன்னு சந்தோஷம் வேற.

ஒரு நாள் பஞ்சர் ஒட்டப் போனேன். கடைக்கார அண்ணன் டயரைத் திருப்பிப் பார்த்துட்டு, "சார், பட்டன் இருக்கு, ஆனா ரப்பர் செத்துப்போச்சு. இதுக்கு ஒம்பது வயசு" என்றார். பக்கச் சுவரில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். தினமும் அதில்தான் டூட்டிக்குப் போய் வந்துகிட்டு இருந்தேன். வாரம் ஒருமுறை அம்மாவையும் உட்கார வைத்து.

மருந்து அட்டையை வாங்கியதும் காலாவதித் தேதி பார்க்கும் பழக்கம் உள்ளவன் நான். டயரில் தேதி இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

5.
அந்தத் தேதியை எப்படிப் பார்ப்பது?

டயரின் பக்கச் சுவரில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு நீளமான குறியீடு இருக்கும். அதன் கடைசியில் நாலு இலக்கம். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 1523 என்றால் 2023-ம் ஆண்டின் 15-வது வாரம் செய்தது. சில டயர்களில் இது உள்பக்கமாக இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்க.

ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை கடையில் காட்டிச் சோதிக்கணும், பத்து வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றணும் என்பது டயர் நிறுவனங்களே சொல்வது. நம்ம வெயிலில் நின்று ஓடும் வண்டிக்கு ஆறு வருஷம் போதும் என்பது என் கருத்து.

அந்த ஏழு தையல் பையனை, தையல் பிரிக்க அவன் அப்பா அழைத்து வந்தார். "டயரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன். வாட்ஸ்அப்பில் வந்தது. கடைசி நாலு இலக்கம் 2914. பதினோரு வயசு டயர். பையனைவிட மூத்தது.

6.
சரி, புது டயர் போடலாம் என்று முடிவு பண்ணியாச்சு. எதைப் போடுவது?

வெளிநாட்டு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு "சம்மர் டயர் போடணுமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். குளிர் நாடுகளில் ரெண்டு செட் வைத்திருப்பார்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் விறைத்துப் பிடிப்பு குறையும், அதனால் பனிக்கால டயருக்கு மாற்றுவார்கள். நம்ம மார்கழிக் குளிரே இருபது டிகிரியைச் சுற்றித்தான். இங்கே நம்ம ரோட்டுக்கென்று விற்கும் கார் டயர் ஏறக்குறைய எல்லாமே சம்மர் டயர்தான். அந்தப் பெயருக்காகத் தனியா காசு கொடுக்க வேண்டாம்.

நமக்கு வேண்டிய குணம் மூணு. கத்திரி வெயிலில் சூடு தாங்கணும். ஐப்பசி கார்த்திகை மழையில் வழுக்கக்கூடாது. கரும்பு டிராக்டர் குதறிப்போட்ட பள்ளத்தில் இறங்கினாலும் பக்கச் சுவர் கிழியக்கூடாது.

7.
அடுத்தது "பெர்ஃபார்மன்ஸ் டயர்" மோகம். எங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, "சார், உங்க ஸ்விஃப்ட்டுக்கு 15 இஞ்ச் அலாய் போட்டு 195/55 ஏத்துங்க, சும்மா ரோட்டை ஒட்டிப் போகும்" என்றான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர் 14. அதாவது அகலம் 165 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இஞ்ச். மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. தம்பி சொன்ன 195/55 ஆர் 15 சுமார் 596 மி.மீ. கிட்டத்தட்ட 4 சதவீதம் குட்டை. ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். வண்டி 12 மி.மீ. இறங்கும். பக்கச் சுவர் 132 மி.மீ.யிலிருந்து 107 ஆகும். பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் மெத்தை ஒரு இஞ்ச் போச்சு.

அதே ஸ்விஃப்ட்டின் மேல் மாடலுக்குக் கம்பெனியே போட்டது 185/65 ஆர் 15. அதன் உயரம் 621.5. பாருங்க, ரிம் பெரிதானாலும் மொத்த உயரத்தை மாற்றவில்லை. ஆசை இருந்தால் அந்த வழியில் போங்க. மொத்த உயரம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது பொது விதி.

மென்மையான ரப்பர் போட்ட வேக டயர் நல்லா பிடிக்கும், பொய் இல்லை. ஆனால் சீக்கிரம் தேயும், சுவரும் குட்டை. மதகடிப்பட்டு போய் நாலு வழிச்சாலை ஏறும் வரைக்கும் நம்ம ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும். நம்ம சின்ன காருக்குப் பெர்ஃபார்மன்ஸ் என்றால் ஒரே அர்த்தம்தான்: நாய் குறுக்கே வந்தால் நிற்கணும்.

8.
கடையில் விலை கேட்பதற்கு முன்னாடி பக்கச் சுவரில் பார்க்க வேண்டியவை:

சுமைக் குறியீடு. அளவுக்குப் பக்கத்தில் 85 என்று இருந்தால் அந்த ஒரு டயர் தாங்குவது 515 கிலோ. 82 என்றால் 475. கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணைப் போடவே போடாதீங்க. ரத்தம் ஏற்றும்போது குரூப் பார்ப்பது மாதிரிதான் இது, பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

வேகக் குறியீடு. எஸ் என்றால் 180 கி.மீ., டி என்றால் 190, ஹெச் என்றால் 210. "நான் 80-லதான் போவேன், எனக்கு எதுக்கு?" என்று கேட்காதீங்க. அந்த வேகத்தில் உண்டாகும் சூட்டைத் தாங்கும் என்பதுதான் அதன் அர்த்தம்.

'டெம்பரேச்சர்' என்று எழுதி ஏ, பி, சி போட்டிருக்கும் டயர்களில், சூட்டைத் தாங்குவதில் ஏ முதல் தரம். நம்ம ஊருக்கு ஏ பாருங்க.

ஐஎஸ்ஐ முத்திரை. கார் டயருக்கான தரநிலை ஐஎஸ் 15633. 2009-ம் ஆண்டு தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி இது கட்டாயம்.

எந்த பிராண்டு என்று கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். நம்ம நெட்டப்பாக்கம் பக்கம் ஏரிப்பாக்கத்திலேயே டயர் ஆலை இருக்கு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமெல்லாம் டயர் ஆலைகள்தான். பக்கத்திலேயே செய்யும்போது கடையில் மூணு வருஷப் பழசை ஏன் வாங்கணும்? தேதி ஆறு மாசத்துக்குள் இருக்கும் டயரைக் கேட்டு வாங்குங்க. இல்லைன்னு சொன்னா அடுத்த கடை.

9.
மழையை மறந்துடாதீங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம பக்கம் கரை ஏறியபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சங்கராபரணி எப்படி ஓடியது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது.

அவ்வளவு வேண்டாம். ரோட்டில் சாதாரணமா தேங்கும் தண்ணீரே போதும். டயரின் பள்ளங்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளுது. பள்ளம் தேய்ந்தால் தண்ணீர் மேலேயே டயர் மிதக்கும். அப்போ பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது.

காருக்குச் சட்டப்படி பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்கணும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்தாச்சுன்னா டயர் முடிஞ்சுபோச்சு. மழைக்கு முன்னாடி 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றுவது என் வழக்கம்.

ஈர ரோட்டில் டயர் எவ்வளவு பிடிக்கணும் என்பதற்கு அளவுகோல் வைத்து, 2022 ஜூனில் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. நல்ல விஷயம். ஆனால் மொட்டை டயருக்கு எந்த அறிவிக்கையும் உதவாது.

10.
இப்போ முக்கியமான விஷயம். இந்த இழையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்க.

"வெயில் காலம், காத்து சூடேறி வெடிச்சிடும், ரெண்டு பாயின்ட் கம்மியா வைங்க." பங்க்கில், பஞ்சர் கடையில், டிரைவர்களிடம், எல்லா இடத்திலும் இந்த அறிவுரைதான். இது தப்பு. ஆபத்தான தப்பு.

டயர் சூடாவதற்கு வெயிலைவிடப் பெரிய காரணம், காற்று குறைவாக இருந்து பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்வது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடும் இல்லையா, அதே கதை. என் டயர் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 510 சுற்று சுற்றும். இங்கிருந்து பாண்டிக்கு 25 கிலோமீட்டர்னு வைங்க. பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் அந்தச் சுவர் மடங்கி நிமிரணும். காற்று குறைந்தால் ஒவ்வொரு மடிப்பும் ஆழமாகும், உள்ளே சூடு ஏறும், ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் பிரியும். அப்புறம் வெடிக்கும். அந்த அமாவாசைக் கார் வெயிலில் வெடிக்கவில்லை. நடு ராத்திரியில் வெடித்தது. ஏழு பேர், பழைய டயர். காற்று எவ்வளவு இருந்ததுன்னு கேட்டேன். "பார்க்கலை சார்."

11.
எவ்வளவு காற்று? டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எழுதியிருப்பதுதான். டயரின் சுவரில் எழுதியிருப்பது அது தாங்கும் அதிகபட்ச அளவு, அதை வைக்காதீங்க. முழு ஆள், சாமான் ஏற்றினால் ஸ்டிக்கரில் அதற்குத் தனி அளவு கொடுத்திருப்பார்கள்.

எப்போ பார்ப்பது? பிபி பார்க்க வந்தால் ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்றோம் இல்லையா? வேகமா நடந்து வந்த உடனே பார்த்தால் அளவு கூடக் காட்டும். டயரும் அப்படித்தான். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், இல்லைன்னா ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள் ஓடியபோது பார்க்கணும். ஓடிச் சூடான டயரில் நாலு பிஎஸ்ஐ கூடத் தெரியும். அது இயல்பு, அதற்காகக் காற்றை இறக்காதீங்க. இறக்கினால் ஆறியதும் குறைந்துபோகும்.

நைட்ரஜன்? நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் கிடையாது, அவ்வளவுதான் லாபம். காசு கொடுத்து நைட்ரஜன் பிடித்து ஆறு மாசம் பார்க்காமல் இருப்பதைவிட, சாதாரணக் காற்றை மாசம் ரெண்டு தடவை பார்ப்பது ஆயிரம் மடங்கு மேல். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

12.
காசு இல்லை, ரெண்டு டயர்தான் மாற்ற முடியும். தப்பில்லை, நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் புதுசு எங்கே போடணும்? பத்துக்கு எட்டுப் பேர் முன்னாடி போடுவார்கள். "முன் சக்கரம்தானே இழுக்குது" என்பார்கள். எனக்குப் போட்ட கடையிலும் அப்படியே ஆரம்பித்தார்கள். நிறுத்தச் சொன்னேன்.

புதுசு பின்னாடி. காரணம் இது: ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரா போகப் பார்க்கும், ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிப்பு திரும்ப வரும். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுழலும். அதைப் பிடித்து நிறுத்த ரேஸ் டிரைவர் வேணும், நம்மால் ஆகாது.

13.
கடையில் டயர் மாட்டும்போது டீ குடிக்கப் போகாமல் கூட நில்லுங்க. பார்க்க வேண்டியவை:

• புது டயரோடு புது வால்வு. சின்னச் செலவு, பெரிய உயிர்.
• டயரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால், அது வண்டி முன்னோக்கிப் போகும் திசையில் இருக்கணும்.
• மஞ்சள் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேராக.
• மாட்டிய பிறகு பேலன்சிங், கடைசியில் அலைன்மென்ட். ரெண்டும் வேற வேற. ஒன்றுக்குக் காசு வாங்கி மற்றதை விட்டுவிடப் போகிறார்கள்.
• நட்டு முடுக்குவது எதிரெதிராக, நட்சத்திரம் போடுவது மாதிரி. துப்பாக்கி மெஷினில் அடித்ததோடு விடாமல் கையால் டார்க் ஸ்பேனர் போடச் சொல்லுங்க. அடுத்த நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்ப முடுக்கிப் பாருங்க.
• முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்க. புது ரப்பரின் மேல்தோல் தேய்ந்தால்தான் முழுப் பிடிப்பு வரும்.
• பக்கச் சுவரில் பஞ்சர் ஆனாலோ, கட்டி மாதிரி வீங்கினாலோ ஒட்டு வேலை கிடையாது. மாற்றணும்.

14.
"செகண்ட் ஹேண்ட் டயர் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்குது டாக்டர், நாங்க எங்க போறது?"

இந்தக் கேள்வியை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். கடன் வாங்கி கார் வாங்கியவர்களின் வீடு எனக்குத் தெரியும். ஆனால் அந்த டயரை யாரோ ஒருத்தர் வேண்டாம்னுதான் கழற்றினார். ஏன் கழற்றினார்னு உங்களுக்குத் தெரியாது. உள்ளே எத்தனை ஒட்டு, மொட்டை டயரில் சூடு வைத்துப் புதுசா பள்ளம் வெட்டினார்களா, எதுவும் தெரியாது. மேலே கறுப்புப் பாலிஷ் மினுமினுக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கு. பில் கேளுங்க, அந்தக் குறைப்பு உங்களுக்கு வந்ததான்னு பாருங்க. அலாய் வேண்டாம், சீட் கவர் வேண்டாம், பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். வருஷத்துக்கு ரெண்டு டயர் என்று பிரித்து மாற்றுங்க. என் அளவுக்கு ஒரு டயர் ஐயாயிரத்துக்குள் முடிந்தது. தொடை எலும்பு முறிந்து மூணு மாசம் படுக்கையில் இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேலையை விட்டால், ஒரே மாசத்தில் அதைவிட அதிகம் போயிடும்.

15.
இவ்வளவு பார்த்தும் ஓடும்போது வெடித்தால்? பிரேக்கில் காலை அழுத்தாதீங்க. இதுதான் எல்லோரும் செய்வது, இதனால்தான் வண்டி சுழலுது. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வைங்க. ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்க. வேகம் தானாகக் குறைந்த பிறகு இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் வாங்க. பின் சீட்டிலும் பெல்ட். அந்தப் பையன் பெல்ட் போட்டிருந்தால் எனக்கு ஊசி நூல் எடுக்கும் வேலையே வந்திருக்காது.

16.
கடைசியா ஒரு கோரிக்கை. பங்க்குகளில் இலவசக் காற்று கொடுக்கணும்னு விதி இருக்கு. ஆனால் கிராமப்புறத்தில் எத்தனை இடத்தில் "மெஷின் ரிப்பேர்" போர்டு தொங்குது? இருக்கும் மீட்டரும் சரியாகக் காட்டுதான்னு யார் பார்க்கிறார்கள்? ஹெல்மெட்டுக்குக் காட்டும் கண்டிப்பில் கால் பங்கை இதில் காட்டினால் போதும். அடுத்த தடவை பங்க் போகும்போது கேளுங்க. கேட்டால்தான் சரி பண்ணுவார்கள்.

நாளைக்குக் காலையில் வண்டி எடுக்கும் முன் குனிந்து அந்த நாலு இலக்கத்தைப் படிங்க. அஞ்சு டயரிலும். என்ன வருஷம்னு கமெண்ட்ல எழுதுங்க. பயப்பட வேண்டாம், திட்ட மாட்டேன். எனக்கும் ஒம்பது வயசு டயர்தான் இருந்தது.

பகிருங்க. குறிப்பா, இந்த அமாவாசைக்குக் கார் எடுக்கப் போகும் உங்க வீட்டு ஆளுக்கு.